அறுபது டிகிரியில் வெளுத்த மாத்திரை

யாருடைய சட்டை கண்ணில் பட்டாலும் அதன் பைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிடுவது அவளுடைய வழக்கம். ஆணியில் தொங்கும் வீட்டுக்காரரின் சட்டை, நாற்காலி முதுகில் கிடக்கும் மருமகனின் கால்சட்டை, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் பள்ளிச் சீருடை, எதுவும் தப்பாது. பேச்சு பாட்டுக்குப் பேச்சு நடக்கும், கை பாட்டுக்குக் கை போய்வரும். ஒருமுறை பஸ்ஸில் முன்னால் நின்ற ஆளின் கோட்டுப் பையை நோக்கி விரல்கள் தாமாக நீண்டுவிட்டன. மகள் சட்டென்று பிடித்து இழுத்திராவிட்டால் அன்றைக்குத் தர்ம அடி நிச்சயம்.

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. தொழில் அப்படி. பெரிய தங்கும் விடுதி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் மூட்டை மூட்டையாக வந்து விழும் துணியில் பைகளைத் துழாவி, வெள்ளை தனி, வண்ணம் தனி, எண்ணெய்க் கறை தனி என்று பிரித்துப் போட வேண்டும். ஒரே ஒரு பேனா உள்ளே போனால் போதும், மெஷின் நிறைய விரிப்பும் நீலம் பாரித்துவிடும். அவள் கைக்கு என்னென்னவோ அகப்பட்டிருக்கிறது. அறைச்சாவி, உதட்டுச்சாயம், பாதி கடித்த பிஸ்கட், ஒரு பெரியவரின் பல்செட்டுகூட. அதைக் கையால் தொடவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் அவள் தவித்தபோது, எதிர்ப்பக்கம் நிற்கும் தோழி வரவேற்பறைக்குப் போன் போட்டு, "சார், யாரோ கீழ வந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாரு, ஆளை மட்டும் காணோம்" என்றாள்.

இப்படிப் பை பையாகச் சோதனை போடுவதால் சலவைக்கூடத்தில் அவளுக்குப் போலீஸக்கா என்று பெயர். மற்றபடி போலீசுக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. மேலாளர் ஏதாவது கேட்டால் பதில் தொண்டையில் பாதி, வாயில் பாதி என்று நிற்கும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவாள். அவள் நிமிர்ந்து நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது ரோலர்.

ரோலர் என்பது படுக்கை விரிப்புகளைச் சலவை மடிப்போடு வெளியே தள்ளுகிற நீளமான மெஷின். உள்ளே உருளை கொதித்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று, ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து, ஒரே நேரத்தில் ஓர் உதறு உதறி, விளிம்பைச் சுருக்கமில்லாமல் உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் விரிப்பு கோணிக்கொள்ளும். கை அதிகமாக உள்ளே போனால் முன்னால் இருக்கும் கம்பியில் பட்டு மெஷின் நின்றுவிடும். போலீஸக்கா நிற்கும் பக்கம் அந்தக் கம்பி அசைந்ததாக யாருக்கும் நினைவில்லை. காலை முழுக்க ரோலர், மதியத்துக்குப் பிறகு சமையற்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளை ஆவி பிரஸ்ஸில் அழுத்துவது. இந்த இரண்டும் அவளுடைய ராஜ்ஜியம்.

எதிர்மூலையைப் பிடிப்பவள் பெயர் ரேடியோ. அவளைவிட நாலைந்து வயது மூத்தவள். வாய் ஓய்ந்து பார்த்தவர் இல்லை. எந்த அறையில் யார் சண்டை போட்டார்கள், மேலாளரின் மாமியார் ஏன் கோபித்துக்கொண்டு போனார், அடுத்த தெருவில் யார் வீட்டு நாய் காணாமல் போனது எல்லாம் விரிப்புக்கு இந்தப் பக்கம் வந்து சேரும். கெட்டவள் இல்லை. தன் குடும்பத்து வண்டவாளத்தையும் அதே வேகத்தில் தண்டவாளத்தில் ஏற்றுவாள். போலீஸக்கா "ம்" கொட்டுவாள். அந்த "ம்" இல்லாவிட்டால் ரேடியோவுக்குப் பேச்சு ஓடாது, இந்தப் பேச்சு இல்லாவிட்டால் போலீஸக்காவுக்குப் பொழுது போகாது. இப்படியே மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போகும் காலம் வரைக்கும் ஓடிவிட்டது.

இத்தனை காலத்தில் போலீஸக்கா ரேடியோவிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுக்கு வலிப்பு உண்டு.

உண்டு என்பதைவிட, இருந்தது என்று சொல்லலாம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று மாத்திரை. விழுங்கிக்கொண்டே வந்தால் அது இருக்கும் இடம் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு பயணத்தில் மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டு, இரண்டு நாள்தானே என்று இருந்தாள். பஸ் நிலையத்தில் விழுந்தாள். முன்பல்லில் ஒரு மூலை போனதுதான் மிச்சம். பல்லுக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் கொட்டையைக் கடித்தேன் என்று சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு ஒருவேளைகூடத் தவறியதில்லை.

ஏன் மறைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் திறந்து பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். அவளுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் வகுப்பில் விழுந்த அன்றைக்குத் தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல வச்சுக்கோங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பிறகு ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாவு பிசையும் பெரிய தொட்டி அவளுக்குப் பிடித்திருந்தது. பெரியம்மா மகன் வந்து முதலாளியிடம், நல்லதுதான் நினைத்து, "தங்கச்சிய கொஞ்சம் பார்த்துக்கோங்க, அவளுக்கு இப்படி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாளி நன்றாகப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் வர வேண்டாம் என்றார். ஆக, இது யாருக்குத் தெரிந்தாலும் தன்னிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் போவார்கள் என்பது அவள் கண்ட அனுபவம். ரோலரையும் விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

அன்று சனிக்கிழமை. பழைய அட்டையின் கடைசி மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு, வேலைக்குப் போகும் வழியில் வழக்கமான மருந்துக்கடையில் அடுத்த மாதத்துக்கானதை வாங்கிக்கொண்டாள். மருத்துவர் எழுதிய சீட்டைக் கடைக்காரர் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டார். அந்தக் கடை சனிக்கிழமை மதியத்தோடு சாத்தினால் திங்கள் காலைதான் திறக்கும். மருத்துவரும் அப்படித்தான்.

மாத்திரையைக் கைப்பையில் வைக்கலாம் என்றால் அது கைப்பையே இல்லை, பொதுச்சொத்து. ஊக்கு, சீப்பு, தலைவலித் தைலம் என்று எது வேண்டுமானாலும் ரேடியோ கேட்காமலே உள்ளே கையை விடுவாள். அதனால் போலீஸக்கா மாத்திரை அட்டைகளை ரப்பர் வளையத்தில் சுற்றி ஏப்ரனின் உள்பையில் போட்டுக்கொண்டாள். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று அப்போது தோன்றியது.

மதியம் எல்லாரும் ஈர ஏப்ரனைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுக் காய்ந்ததை மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கூடையைச் சோதிப்பதும் அவள் பொறுப்புதான். ஒவ்வொரு ஏப்ரனாக எடுத்து விரலை விட்டாள். ஒன்றில் மிட்டாய்க் காகிதம், ஒன்றில் காதணியின் திருகு. தன்னுடையதைக் கடைசியாகக் கழற்றி அப்படியே மேலே போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் தன் பைக்குள் எதுவும் வைத்துக்கொண்டதே இல்லை. வைக்காதவள் பையை எதற்குச் சோதிக்க வேண்டும்? மெஷின்காரர் கூடையை அள்ளி அறுபது டிகிரியில் போட்டுக் கதவைச் சாத்தினார்.

ஆவி பிரஸ்ஸில் ஒரு கோட்டின் கைப்பகுதியை அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் கேட்டது.

"யாரும்மா இது, மெஷினுக்கு மருந்து குடுத்தது?"

மெஷின்காரரின் உள்ளங்கையில் கசங்கிய பிளாஸ்டிக். ஓரங்கள் சுருண்டு, பின்பக்கத்துத் தகடு உரிந்து, குழிகளில் வெள்ளைக் கூழ். மற்றது எல்லாம் ஏப்ரன்களின் மேல் பசைபோல ஒட்டியிருந்தது.

எல்லாரும் கூடிவிட்டார்கள். "போலீஸக்கா கையையே ஏமாத்திட்டு ஒருத்தி போயிருக்காளே!" என்றாள் மடிப்பு மேசைக்காரி ஒருத்தி.

"என்ன மாத்திரை அது? எழுத்தைப் பாரு."

"எழுத்து எங்க இருக்கு? பளபளன்னு வெளுத்துப்போச்சு. நம்ம சோப்பு அப்படி."

"மேனேஜர் சாரோடதா இருக்கும்," என்று ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கினாள். "அவருக்கு ரத்தக்கொதிப்பு. மாமியார் திரும்பி வந்துட்டாங்கல்ல."

"அவர் எதுக்கு ஏப்ரன் போடுறாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல போடுறாரோ என்னவோ."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. போலீஸக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாரும் கலைந்த பிறகு குப்பைத்தொட்டியிலிருந்து அந்தச் சுருண்ட அட்டையை எடுத்து, கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் நேரே வழக்கமான மருந்துக்கடைக்கு ஓடினாள். சாத்தியிருந்தது. தெரிந்தும் ஓடினாள், மனசு கேட்கவில்லை. கதவில், விடுமுறை நாளில் திறந்திருக்கும் கடையின் விலாசம் ஒட்டியிருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே. வீட்டுக்காரர் ஏதோ ஓர் ஊரில் லிஃப்ட் மாட்டப் போயிருந்தார். ஞாயிறு இரவுதான் வருவார். போன் போட்டாள். அவர் லிஃப்ட் குழிக்குள் இருந்தார் போல, மணி போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் கடையில் நல்ல கூட்டம். மருந்தாளர் ஓர் இளம்பெண். கண்ணாடி போட்டவள், நிதானமாகப் பேசுகிறவள். போலீஸக்காவின் முறை வந்தது.

"சொல்லுங்கம்மா."

பின்னால் நின்றவர்களின் மூச்சு கழுத்தில் பட்டது. "இருமல் மிட்டாய்," என்றாள் போலீஸக்கா.

வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றாள். இந்த முறை தைரியமாகக் கேட்டது கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரி. அவளுக்குக் கால் ஆணியும் கிடையாது, இருமலும் கிடையாது.

மூன்றாவது முறை வரிசைக்குப் போகும்போது மருந்தாளரே கவனித்துவிட்டாள். கல்லாவின் ஓரத்துக்கு நகர்ந்து, கையை அசைத்துக் கூப்பிட்டாள். "அம்மா, இந்த ஓரமா வாங்க. உங்களுக்கு வேண்டியது வேற ஏதோ. மெதுவா சொல்லுங்க, போதும்."

போலீஸக்கா கைக்குட்டையைப் பிரித்து வைத்தாள்.

மருந்தாளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்னம்மா, அடுப்புல விழுந்துச்சா?"

"துவைச்சிட்டேன்."

"மாத்திரையையா?"

"அறுபது டிகிரில."

மருந்தாளருக்குச் சிரிப்பு வந்தது, கடித்து விழுங்கிக்கொண்டாள். போலீஸக்கா மாத்திரையின் பெயரையும் அளவையும் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில், காற்றுக்கும் கேட்காத குரலில் சொன்னாள். அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலைல."

"அடுத்தது?"

"ராத்திரி சாப்பிடணும்."

"இதை நிறுத்தக் கூடாதுன்னு தெரியும்ல?"

போலீஸக்கா உடைந்த பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டு தலையாட்டினாள்.

"சரிம்மா. மருத்துவர் சீட்டு இல்லாம இதைக் குடுக்க எனக்கு அனுமதி இல்லை. ஆனா வழக்கமா சாப்பிடுறவங்க, திடீர்னு கையில இல்லை, நிறுத்தினா ஆபத்துன்னு இருந்தா, அவசரத்துக்குக் கொஞ்சம் குடுக்கலாம். டாக்டர் வர்ற வரைக்கும் மட்டும். அதுக்கு இது உங்க மருந்துதான்னு எனக்கு உறுதியாத் தெரியணும். அட்டையில இருந்த எழுத்தையும் நீங்க வெளுத்துட்டீங்க. வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? ஒத்துக்காதது ஏதாவது உண்டா?"

இல்லை, இல்லை என்று சொன்னாள்.

"உங்க டாக்டர் இடத்துல விடுமுறைக்கு யாராவது போன் எடுப்பாங்களா?"

"நர்சம்மா எடுப்பாங்க."

மருந்தாளர் போனை எடுத்தாள். இந்த இடத்தில்தான் பின்னாலிருந்து, ஊருக்கே கேட்கும் குரல் வந்தது. "அடியேய் போலீசு! நீ என்னடி இங்க? உன் பஸ் அந்தப் பக்கம் போயிட்டு இருக்கு!"

ரேடியோ. எதிர் நடைமேடையில் பஸ்ஸுக்கு நின்றவள், கண்ணாடி வழியாக இவள் வரிசையில் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். ஒரு ஆள் ஒரே கடைக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தால் ரேடியோவால் பஸ் ஏற முடியுமா?

"இருமல் மிட்டாய் வாங்க வந்தேன்க்கா," என்று பொட்டலத்தைக் காட்டினாள் போலீஸக்கா. நல்லவேளை, அதாவது கையில் இருந்தது.

"உனக்கு எப்ப இருமுச்சு? நாள் பூரா எதிர்லதானே நிக்கிறேன்?"

மருந்தாளர் விவரமானவள். வந்தவள் யார் என்று தெரியாததால் சட்டென்று திரும்பிக்கொண்டு, போனில் வாயை மறைத்துப் பேசினாள். ஆனால் அந்தப் பக்கம் இருந்த நர்சம்மாவுக்கு வயதாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காதது உலகத்துக்கே கேட்காது என்று நினைப்பவர். போனுக்குள்ளிருந்து அவர் குரல் கடை முழுக்க வந்தது.

"யாரு? அந்தப் பல்லு உடைஞ்ச அம்மாவா? ஆமா ஆமா! வலிப்பு மாத்திரைதானே? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு! வருஷக்கணக்கா வர்றாங்க, ரொம்ப வெக்கப்படுவாங்க, பாவம்! சத்தமா பேசாதீங்க, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க!"

மருந்தாளர் போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். வரிசையில் நின்றவர்கள் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த பல்பொடி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். போலீஸக்காவுக்கு வெட்கம்கூட வரவில்லை. எல்லாம் முடிந்தது, இனி பயப்பட ஒன்றுமில்லை என்பதுபோல ஓர் அமைதிதான் வந்தது. மெதுவாகத் திரும்பி ரேடியோவைப் பார்த்தாள்.

ரேடியோவின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

மருந்தாளர் அதே கம்பெனி மாத்திரையைத் தேடி எடுத்தாள். வேறு கம்பெனி மாற்றித் தரக் கூடாது என்றாள். செவ்வாய் வரை வருமளவு எண்ணி ஒரு உறையில் போட்டுப் பெயரும் வேளையும் எழுதினாள். "திங்கக்கிழமை கண்டிப்பா டாக்டரைப் பாருங்க. இனிமே அட்டை தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சீட்டு வாங்கிடுங்க. வீட்டுல துணைக்கு யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. பரவாயில்லை, நான்..."

"நான் இருக்கேன்," என்றாள் ரேடியோ. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "வந்துச்சுன்னா என்ன செய்யணும், சொல்லுங்கம்மா."

மருந்தாளர் சொன்னாள். பக்கத்தில் சூடானது, கூரானது இருந்தால் நகர்த்த வேண்டும். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் கரண்டியோ விரலோ எதையும் நுழைக்கக் கூடாது. நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ரேடியோ ஒவ்வொன்றையும் உதட்டை அசைத்துத் திருப்பிச் சொல்லிக்கொண்டாள்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாதி வழிவரை பேச்சில்லை. போலீஸக்காவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஒரே விரிப்ப ஆளுக்கொரு மூலை புடிச்சோம்," என்றாள் ரேடியோ கடைசியில். "என் கொழுந்தன் ஓடிப்போனதுலேர்ந்து என் மூலவியாதி வரைக்கும் உனக்குச் சொல்லியிருக்கேன். நீ இதைச் சொல்லலை."

"உங்ககிட்ட சொன்னா..."

"சொன்னா?"

"மாலைச் செய்தில வந்துடும்க்கா."

ரேடியோ முறைத்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்துவிட்டாள். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா ரோலரை விட்டுத் தூக்கிடுவாங்க."

"சத்தியம் கித்தியம் வாங்காதே. என் வாயை நானே நம்புறதில்ல. முயற்சி பண்றேன், அவ்வளவுதான்."

ஞாயிறு முழுக்க ரேடியோ அந்த வீட்டிலேயே இருந்தாள். போலீஸக்கா நாற்காலியிலிருந்து எழுந்தால் தலையணையோடு பின்னால் வந்தாள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட விடவில்லை. அடுப்பை அவளே பற்ற வைத்தாள், கத்தியை ஒளித்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை மறந்துபோனாள். வெங்காயத்தைக் கையால் பிய்த்துச் சமைக்க வேண்டியதாயிற்று. மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். இரவு வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியபோது, "ஒண்ணும் ஆகலை, நான் பார்த்துக்கிட்டேன்!" என்று அவரிடம் சார்ஜை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை போலீஸக்கா மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கி, மருந்தும் வாங்கிக்கொண்டு, தாமதமாகத்தான் வேலைக்கு வந்தாள். உள்ளே நுழையும்போதே தெரிந்துவிட்டது. மெஷின்காரர் கைகூப்பாத குறையாக வழிவிட்டார். மடிப்பு மேசைக்காரி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ரேடியோ தேநீர் இடைவேளைவரைகூடத் தாங்கவில்லை.

"முயற்சி பண்ணேன்டி," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "நேத்து ராத்திரி பூரா அடக்கினேன். காலைல மடிப்பு மேசைக்காரி வந்து, போலீஸக்கா ஏன் வரலைன்னு கேட்டா. அப்படியே வந்துடுச்சு."

ஆனால் அவள் சும்மா செய்தி வாசிக்கவில்லை. மருந்தாளர் சொன்னதை வரி பிசகாமல் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள். மெஷின்காரரைத் தரையில் படுக்கவைத்து, ஒருக்களித்துப் புரட்டிக்கூடக் காட்டியிருந்தாள். அவர் முதுகில் இன்னும் நூல் ஒட்டியிருந்தது.

மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், மென்மையாகத்தான் சொன்னார். "கொஞ்ச நாள் மடிப்பு மேசையில இருங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

கொஞ்ச நாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் போலீஸக்காவுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. பள்ளியில் கேட்ட சொல் அது.

"எத்தனை நாள் சார்?"

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். இவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கும் புதிது.

"அது... பார்க்கலாம்மா."

"பார்க்கலாம்னா வேண்டாம் சார். என்னைக்கு வரைக்கும்னு சொல்லுங்க. எங்க டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க. ரோலர்ல நிக்கலாமா கூடாதான்னு அவர் சொல்லட்டும். கூடாதுன்னு அவர் சொன்னா நான் போயிடுறேன். நீங்க பயந்தா நான் போக மாட்டேன்."

கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ, "அப்படிப் போடு!" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலாளர் அப்போதே போன் செய்யவில்லை. அவளை மடிப்பு மேசைக்குத்தான் அனுப்பினார். அன்று ரோலரில் ரேடியோவுக்கு எதிரே நின்றவள் கையில் விரிப்பெல்லாம் கோணிக்கொண்டே வந்தது. மதியத்துக்குள் பலமுறை கம்பி பட்டு மெஷின் நின்றது. ரேடியோ ஒருவார்த்தையும் பேசாமல், போகும் வரும் எல்லாரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். புதன்கிழமை மேலாளரே மருத்துவரிடம் நேரில் போய்விட்டு வந்தார். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடும்வரை ரோலரில் நிற்கலாம், மெஷினைத் தானாக நிறுத்துகிற கம்பி இருக்கிறது, எதிரே ஆள் இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆவி பிரஸ்ஸில் மட்டும் வேண்டாம், அதில் தனியாக நின்று சூடான மேல்தகட்டைக் கையால் இறக்க வேண்டும். போலீஸக்கா பிரஸ்ஸுக்காக வாதாடினாள். அந்த வாதம் எடுபடவில்லை.

அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. வீட்டில் எப்போதும் ஒரு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக இருக்கிறது. காலை நேரத்தில் அவள் ரோலரின் இடது மூலையில் நிற்கிறாள், ரேடியோ வலது மூலையில். சமையற்காரர்களின் கோட்டுகளை இப்போது மடிப்பு மேசைக்காரி அழுத்துகிறாள். காலர் சரியாக விழுவதில்லை.